மாமியார் காதுக்கு எட்டாத மேளம்

எங்கள் படையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். 'பயம்' என்ற சொல்லை ஒருத்தர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. பயப்படாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புயலிலும் பயந்துதான் பறந்தோம். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் பக்கத்தில் இருப்பவனின் கையும் நடுங்கத் தொடங்கிவிடும். அதனால் "மாப்பிள்ளைக்கு வேர்க்குது" என்போம். யாராவது சிரிப்பார்கள். கை நடுங்காது.

இந்தக் கல்யாணப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தென்கடல் மீட்புப் படையை ஆரம்பித்தது கடல் ஊருக்குள் வரத் தொடங்கிய வருஷத்தில். எங்களுக்கென்று கட்டிய கட்டடத்தில் இடுப்பளவு தண்ணீர். வேறு வழியில்லாமல் மேட்டில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொண்டார்கள். மணமேடையில் நின்று வானிலை சொல்வார்கள். மணமகள் அறையில் ரேடியோ. நாங்கள் படுத்தது பந்திக் கூடத்தில். அப்படி ஒரு இடத்தில் இரண்டு வருஷம் குடியிருந்தால் வாயில் வேறென்ன வரும்?

அளவுக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு எழும்ப முடியாமல் எழும்பும் ஹெலிகாப்டர் 'சீமந்தக்காரி'. இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் 'பந்திக்கு நிக்கோம்'. எதைக் கேட்டாலும் குறை சொல்லும் கட்டுப்பாட்டு அறைக்கு 'சம்பந்தி வீடு'. துணை விமானி மீசை வைத்த ஆளாக இருந்தாலும் 'தோழிப்பொண்ணு'. கியர்பாக்ஸ் அதிர்ந்தால் 'தவில்காரர் சூடாயிட்டார்'. எல்லாம் கைமீறிப் போகிற நிமிஷத்துக்குக் 'கெட்டி மேளம்'. தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்றுதானே மேளத்தைக் கொட்டித் தீர்க்கிறார்கள்? எங்களுக்கும் அதே காரணம்தான். நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் மாதா கோவில் கல்யாணத்தில் தவில் கிடையாது, பேண்டு வாத்தியம்தான். ஆனாலும் என் வாயிலும் கெட்டி மேளம்தான் வந்தது.

நான் வாரண்ட் ஆபீசர் ஜெசிந்தா. ஹெலிகாப்டர் வாசலில் குனிந்து நின்று, கம்பியில் பட்டையை இறக்கி, தண்ணீரில் கிடப்பவர்களைத் தூக்கும் வேலை. ஒன்பது வருஷம் விமானி தில்லைநாயகத்தோடு பறந்தேன். அவன் அதிகாரி, நான் இல்லை. ஆள் இருக்கும்போது 'சார்'. இல்லாதபோது 'லே'. என்னைவிட ஏழு வயது சின்னவன், அதனால் அவனுக்கு நான் எப்போதும் அக்கா. ஒருநாள் கம்பி அறுந்து என் ஹெல்மெட்டில் அடித்தது. இடது காது போயிற்று. இனிமேல் பறக்க வேண்டாம் என்று ஒரு நாற்காலியைக் காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எல்லா ஹெலிகாப்டரிலும் ஒரு யந்திரம் வந்தது. காகிதத்தில் அதன் பெயர் 'துணைச்செவி'. குழுவினர் பேசுவதைக் கேட்கும். கைப்பிடிகளில் விரல் நடுங்குகிறதா என்று பார்க்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் குழுவுக்கு எவ்வளவு பயம் என்று எடைபோடும். பயம் ஓர் அளவைத் தாண்டினால் விமானியின் கையிலிருந்து ஹெலிகாப்டரை வாங்கிக்கொண்டு தளத்துக்குத் திரும்பிவிடும். பதற்றத்தில் மனிதன் தப்பு செய்வான், அதைத் தடுக்கத்தான். ஒட்டுக்கேட்கிறது, குறித்து வைக்கிறது, கடைசியில் வீட்டுக்கு இழுத்து வந்துவிடுகிறது. முதல் வாரத்திலேயே எங்கள் ஆட்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த வருஷமே மூன்றாம் நம்பர் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. நாலு பேர், ஒருத்தரும் மிஞ்சவில்லை. யந்திரத்தை வடிவமைத்த மிருணாளினி கடைசிப் பதினோரு நிமிஷப் பதிவை என் மேசைக்கு எடுத்து வந்தாள். முப்பது வயது இருக்கும். நல்ல பெண். திரையில் பச்சை எழுத்தில் 'குழு உற்சாகமாக உள்ளது' என்று கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது.

"சிரிச்சிட்டே இருந்திருக்காங்க மேடம். கல்யாணத்தப் பத்திப் பேசிருக்காங்க. மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"சிரிக்கலம்மா. செத்துக்கிட்டு இருந்திருக்காவ."

அவள் பதிவை நிறுத்தினாள். பிறகு, "அப்ப அத மெஷினுக்குச் சொல்லிக் குடுங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா பதினோரு நிமிஷம் முந்தியே திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கும். நாலு பேரும் இன்னிக்கு கேண்டீன்ல இருந்திருப்பாங்க" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சரி என்றேன்.

நாலு மாதம் உட்கார்ந்து நூற்று நாற்பத்து மூன்று சொல் கொடுத்தேன். திரையில் ஒரு சொல்லுக்கு இரண்டு கட்டம். ஒன்றில் பொருள், இன்னொன்றில் பயத்தின் அளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள். 'மாப்பிள்ளைக்கு வேர்க்குது' என்பதற்கு ஆறு போட்டேன். 'கெட்டி மேளம்' வந்தபோது 'கடும் பயம்' என்று எழுதி, பத்து போட்டேன். கை தயங்கவே இல்லை.

அன்று தில்லை இரண்டு கிளாஸ் டீயோடு வந்து என் மேசை ஓரத்தில் உட்கார்ந்தான்.

"என்னக்கா, வீட்டு ரகசியத்த எல்லாம் மாமியார்கிட்ட வத்தி வெச்சிட்டு இருக்கியாமே?"

"ஒங்க உசிருக்குத்தாம்ல சொல்லுதேன்."

"சொல்லு, சொல்லு. பயந்துட்டான்னு அதுக்குப் புரியும். பயந்துக்கிட்டே தாலி கட்டுவான்னு புரியுமா?"

"போலே, வேலையப் பாரு" என்று விரட்டிவிட்டேன். டீ நன்றாக இருந்தது. அவன் சொன்னது என் காதில் ஏறவில்லை. கேட்கிற காதுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான், அதிலும் ஏறவில்லை.

ஆகஸ்டில் ஒரு குழுவை மாமியார் சரியான நேரத்தில் திருப்பிக் கூட்டி வந்தது. எஞ்சினில் எண்ணெய்க் கசிவு. இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் மூன்று பேரும் கடலில்தான். அந்த விமானியின் அம்மா பஸ் பிடித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிருணாளினியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். மூன்றாம் நம்பர் ஆட்களின் பெயரைச் சொல்லி அன்று கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அக்டோபர் பதினேழாம் தேதி, மத்தியானம் மூன்று மணி. கவிழ்ந்த விசைப்படகின் முதுகில் எட்டு மீனவர்கள். தில்லை போனான். பக்கத்து இருக்கையில் துணை விமானி நஸ்ரின். என் பழைய இடத்தில், கம்பியோடு, பூவலிங்கம். நான் ரேடியோ அறையில் நல்ல காதை ஒலிபெருக்கியோடு ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரை மேலே தூக்கிவிட்டார்கள். காற்று திரும்பியது. மூன்றாவது ஆள் பட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளைக்கு வேர்க்குது. தோழிப்பொண்ணே, விசிறு" என்றான் தில்லை.

"விசிறி ஒடஞ்சிருச்சு சார்" என்றாள் நஸ்ரின். அவளுக்கும் வேர்த்தது.

"அப்ப என்ன? கெட்டி மேளம்! பூவு, கெட்டி மேளம்!"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் கேட்ட குரல். அசையாமல் நிற்கப்போகிறான், எட்டுப் பேரையும் எடுக்காமல் நகரமாட்டான் என்று அர்த்தம். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது அமைதியான இன்னொரு குரல் கேட்டது: "குழுவின் நலன் கருதித் திரும்புகிறோம்."

கம்பியில் தொங்கிய ஆளை அது பத்திரமாக மேலே இழுத்துக்கொண்டது, அதில் குறை சொல்ல முடியாது. பிறகு திரும்பியது. "விடு! எங்கையில குடு! ஏய், எங்கையில குடு!" என்று தில்லை கத்தினான். அந்தக் கத்தலையும் அது பயத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது. படகின் முதுகில் ஐந்து பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். பூவலிங்கம்தான் பிறகு சொன்னான். மீட்புக் கப்பல் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆயிற்று. படகு மட்டும் இருந்தது. மூன்றாவதாக ஏறியவனின் தம்பி அந்த ஐந்து பேரில் ஒருவன்.

தில்லை இறங்கவே இல்லை. ஓய்ந்து நின்ற ஹெலிகாப்டரில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"நீ சொன்ன அர்த்தம் தப்பில்லக்கா. பாதிதான் சொல்லிருக்க."

"என்னல சொல்லுத?"

"பயமா இருக்கு. அது ஒரு பாதி. ஆனா கட்டிட்டுத்தான் எந்திரிப்பேன். அது மறு பாதி. அத எங்கக்கா எழுதுன?"

எங்குமே எழுதவில்லை. கட்டம் சின்னது என்று சொல்லலாம், ஆனால் அது சாக்கு. எங்களுக்குள் அந்த மறுபாதியை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. கெட்டி மேளம் என்று கத்திவிட்டு எழுந்து ஓடிய ஆள் எங்கள் படையில் ஒருத்தனும் கிடையாது. ஊருக்கே தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நினைப்பே வரவில்லை. ஐந்து பேர் செத்தது அதனால்தான்.

மிருணாளினியிடம் ஓடினேன். அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

"பயம் பத்து, உறுதி பத்துன்னு போட முடியாதா?"

"உறுதிய எத வெச்சு அளக்கறது மேடம்? பயம்னா கை நடுங்கும், மூச்சு மாறும். அதுக்கு அளவு இருக்கு. உறுதியா இருக்கற ஆளுக்கும் அதே கைதானே நடுங்குது?"

"அப்ப அந்தச் சொல்ல எடுத்துரு."

"எடுத்துட்டா மறுபடி மூணாம் நம்பர் மாதிரி ஆச்சுன்னா? நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?" அதட்டலாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் தேவலை என்பதுபோல்தான் கேட்டாள்.  சொல் அப்படியே இருந்தது.

ஒரு வாரத்தில் எங்கள் படை ஊமையாகிவிட்டது. ரேடியோவில் புத்தகப் பேச்சு மட்டும்தான். "காற்றின் வேகம் ஐம்பது. தொடர்கிறேன்." "சரி." "தொடர்கிறேன்." கேண்டீனில் மட்டும் பழைய சிரிப்பு இருக்கும், நான் உள்ளே போகும் வரை. நான் போனால் கிளாஸ் வைக்கும் சத்தம்தான் கேட்கும். யாரும் முறைக்கவில்லை. மரியாதையாக எழுந்து இடம்கூடக் கொடுத்தார்கள். அதுதான் தாங்கவில்லை. தில்லை மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து வஞ்சிரம் விலை, சீலா விலை என்று எதையாவது பேசுவான். ஒரு பழைய வார்த்தைகூட வராது. என்னிடமும் பார்த்துப் பேசுகிறான் என்று புரிந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் நின்று அழுவேன்.

தளபதி அறவாழி மாத அறிக்கையில், எல்லாக் குழுவுக்கும் பய அளவு பூஜ்யம் என்று எழுதி அனுப்பினார். தலைமையகத்திலிருந்து ஒரு கேடயம் வந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

டிசம்பர் புயலில் ஒரு சரக்குக் கப்பல் மணல்திட்டில் தட்டி உடைய ஆரம்பித்தது. பதினோரு பேர். தில்லை, நஸ்ரின், பூவலிங்கம் போனார்கள். நான் ரேடியோ அறையில் இருந்தேன். "ஒன்று ஏறியது. தொடர்கிறேன்." "இரண்டு ஏறியது. தொடர்கிறேன்." நாற்பது நிமிஷம். மாமியார் திருப்பவில்லை. பதினோரு பேரையும் தில்லை எடுத்துவிட்டான். திரும்பும் வழியில், கரைக்கு நாலு மைல் இருக்கும்போது வால் சுழலி போயிற்று. தில்லை ஹெலிகாப்டரைக் கவிழாமல் தண்ணீரில் உட்கார வைத்தான். விமானி கையை எடுத்தால் அது உடனே புரண்டுவிடும். கடைசி ஆள் வெளியேறும் வரை பிடித்துக்கொண்டிருந்தான். பதினோரு பேரும், பூவலிங்கமும், கை ஒடிந்த நஸ்ரினும் ரப்பர் படகில் ஏறினார்கள். பிறகு அது புரண்டது. தில்லை வரவில்லை.

அன்று ஹெலிகாப்டரில் ஏறுவதற்கு முன்னால் அவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான். நான் ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். என்ன காகிதம் என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

விசாரணையைப் பழைய கல்யாண மண்டபத்திலேயே வைத்தார்கள், புதுக் கட்டடத்தில் மறுபடியும் தண்ணீர். மணமேடையில் ஒரு மேசை. தளபதி அறவாழி, மிருணாளினி, கட்டுப்போட்ட கையோடு நஸ்ரின், பூவலிங்கம், நான். மேசை நடுவில் துணைச்செவியின் பெட்டி ஒன்று பச்சை விளக்கோடு இருந்தது. விசாரணைகளைப் பதிவு செய்வதும் அதுதான். கேட்டதையெல்லாம் அன்றைக்கே கற்றுக்கொள்ளும்.

பதிவை ஓடவிட்டார்கள். நாற்பது நிமிஷமும் புத்தகப் பேச்சு. திரையில் 'குழு அமைதியாக உள்ளது' என்று பச்சை எழுத்து. அவன் குரலில் ஒரு பிசிறு இல்லை.  ஒன்பது வருஷத்தில் அவன் அவ்வளவு ஒழுங்காகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார்" என்றாள் மிருணாளினி. "கைப்பிடி உணரியில. நடுக்கம் இல்ல, தட்டல். மெஷினால அது என்னன்னு சொல்ல முடியல. ஒலியா மாத்திக் கொண்டுவந்திருக்கேன்."

பொத்தானை அழுத்தினாள்.

முதலில் ஒரு விரல். விமானியின் கைப்பிடியில், மெதுவாக. தட், தட், தட். பிறகு இடைவெளி குறைந்தது. குறைந்து, நெருங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக விழ ஆரம்பித்தது. அப்போது இரண்டாவது கை சேர்ந்துகொண்டது. "இது நஸ்ரினோட கைப்பிடி" என்றாள் மிருணாளினி. உடனே மூன்றாவது. அது எங்கிருந்து என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். வாசலில், கம்பியின் இரும்புப் பிடியில், நான் நின்ற இடத்தில். மூன்று கையும் மூச்சுவிடாமல் கொட்டின. நாங்கள் உட்கார்ந்திருந்த அதே மேடையில், அதே சத்தம், எத்தனை நூறு தடவை எழுந்திருக்கும்!

பேசக் கூடாது என்று ஆனதும் இதைப் பழகியிருக்கிறார்கள். என்னிடம் சொல்லாமல். சொல்லாததுதான் சரி.

கடைசிப் பகுதியில் மூன்றாவது கை நின்றது. பூவலிங்கம் இறங்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது நின்றது. அதற்குப் பிறகு ஒரே ஒரு விரல், தனியாக, அதே வேகத்தில், ஒரு நிமிஷத்துக்கு மேல். பிறகு அதுவும் நின்றது.

பூவலிங்கம் முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டான். தளபதி தொண்டையைச் செருமினார்.

"ஜெசிந்தா, இது என்ன சத்தம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பேச்சுக்குப் பதிலா தட்டியிருந்தா சொல்லுங்க மேடம்" என்றாள் மிருணாளினி, என்னைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்து. "அடுத்த பதிப்புல சேத்துடலாம்."

சொன்னால் அடுத்த புயலில் இந்தத் தட்டல் கேட்ட நிமிஷமே யந்திரம் திரும்பிவிடும். படகின் முதுகிலிருந்து ஐந்து பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் இன்னொரு மூன்றாம் நம்பர் பச்சை விளக்கோடு கடலுக்குள் போகலாம், அந்த விமானிக்கும் ஒரு அம்மா இருப்பார். இரண்டு பக்கத்துச் சாவும் எனக்குப் பழக்கம். எது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு அன்று தில்லையின் குரல் மட்டும்தான் கேட்டது: மறு பாதிய எங்கக்கா எழுதுன?

"தெரியல சார்" என்றேன்.

தளபதி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நஸ்ரின்?"

"தெரியல சார். அதிர்ச்சியில எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

"பூவலிங்கம்?"

"தெரியாதுங்கய்யா."

"நீங்க?" என்று மிருணாளினியைக் கேட்டார். அவளுக்குக் கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் சாயம் போகவில்லை. நாங்கள் எல்லோரும் போய்க் கையில் அட்சதையோடு நின்றுவிட்டு வந்த கல்யாணம். தில்லைகூட வந்திருந்தான், இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டான். அவள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "எனக்கும் அடையாளம் தெரியல சார்" என்றாள்.

அறவாழி இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, 'அடையாளம் தெரியாத ஒலி. மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஊரில் பிறந்து அந்தச் சத்தம் தெரியாதவர் யாராவது உண்டா? மண்டபத்துச் சுவருக்கே தெரியும். நடுவில் இருந்த பெட்டிக்கு மட்டும்தான் தெரியாது.

யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்பதுபோல் இருந்தது. ஒற்றைக் காது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்கு எப்போதும் தெரியாது. பதிவு இன்னும் ஓடுகிறது என்று நினைத்தேன்.

நஸ்ரின் ஒடியாத கையை நீட்டி, மேசைமேல் இருந்த என் விரல்களை அழுத்திப் பிடித்தாள். சத்தம் நின்றது. அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, பெட்டியின் பச்சை விளக்கைக் கண்ணால் காட்டினாள்.